சாய்ப்புக்குள்ள கிடந்த நாலு சிலிண்டர்: வெட்டலாமா, கொடுக்கலாமா?

மேற்குவிளை
ஞாயிறு, இரவு 8:40

திருவட்டார் பக்கம் எங்க பழைய வீட்டை ஒதுக்கிட்டு இருக்கோம். தாத்தா பாட்டி ரெண்டு பேரும் போயாச்சு, வீட்டை வாடகைக்கு விடலாம்னு முடிவு. பின்னாடி சாய்ப்புல விறகு, உடைஞ்ச அம்மி, பழைய ரப்பர் டிஷ் எல்லாத்துக்கும் அடியில நாலு இரும்புச் சாதனம் கிடைச்சுது. ஒண்ணு சிவப்பு சமையல் கேஸ் சிலிண்டர். தாத்தா பேர்ல உள்ள கனெக்‌ஷன், பல வருஷமா யாரும் நிறைக்கல. மத்த மூணும் கேஸ் டப்பா. மாமா ஒருத்தர் ஃப்ரிட்ஜ், ஏசி வேலை பாத்துட்டு இருந்தார், சவூதிக்குப் போனப்ப போட்டுட்டுப் போனது. ஒண்ணு வெளிர்பச்சை, ஒண்ணு நீலம், ஒண்ணுல பெயிண்டும் இல்ல லேபிளும் இல்ல, துருவாட்டு கிடக்கு.

ஆக்கர் கடைக்காரர் வந்து பாத்தார். டப்பா மூணையும் கிலோ கணக்குல எடுக்கேன்னார். சிவப்பைத் தொடவே மாட்டேன்னுட்டார். "அது வேண்டாம் தம்பி, கேஸ் ஆகும்"னார். எந்தக் கேஸைச் சொல்லுதார்னு எனக்கு விளங்கல.

கிலோவுக்குத் தூக்கிக் கொடுக்க மனசு வரல. அமெரிக்காக்காரன் பழைய ப்ரொப்பேன் கேஸ் டேங்க்ல அடுப்பு செய்யுதான், கிரில் செய்யுதான், மேளம் செய்து வாசிக்கிறான். என்கிட்ட கிரைண்டர் இருக்கு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு வெல்டிங் தெரியும். பெயிண்ட் இல்லாத டப்பாலயே முதல்ல கை வைக்கலாம்னு இருக்கேன், சுரண்டுற வேலை மிச்சம் பாருங்க. யாராவது செய்து பாத்தவங்க இருந்தா என்ன செய்யலாம்னு சொல்லுங்க.

சும்மாஇரி

பூந்தொட்டி செய்யும். நம்ம ஊர்ல எதை வெட்ட ஆரம்பிச்சாலும் கடைசியில அது பூந்தொட்டிதான்.

குடோன் கணக்கு

தம்பி, கிரைண்டரைக் கீழ வையும். கேஸ் ஏஜென்சி குடோன்ல 26 வருஷம் கணக்கு எழுதினவன் சொல்லுதேன்.

அந்தச் சிவப்பு சிலிண்டர் உம்ம தாத்தாவுக்குச் சொந்தமே இல்ல. அது எண்ணெய் கம்பெனிக்க சாதனம். தாத்தா கட்டினது விலை இல்ல, டெபாசிட். சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தா அந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். வெட்டினா அடுத்தவன் பொருளை அழிச்ச கணக்கு, போதாததுக்கு கேஸ் சிலிண்டருக்குன்னு தனிச் சட்டமும் இருக்கு. ஆக்கர் கடைக்காரருக்கு இது நல்லாத் தெரியும். போலீஸ் வந்து முழு சிலிண்டர் ஒண்ணு கடையில கிடக்கிறதைப் பாத்தா முதல்ல அவரைத்தான் கேக்கும். கம்பெனி கழிச்சு விடுற சிலிண்டர் முழுசா வெளிய வராது, திரும்ப உபயோகிக்க முடியாதபடி நசுக்கிட்டுத்தான் இரும்புக்குப் போகும்.

எஸ்.வி. பேப்பர்னு ஒண்ணு இருக்கும், கனெக்‌ஷன் எடுக்கும்போது ஏஜென்சியில தந்தது. பழைய ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது வச்சிருக்கிற இடத்துல தேடும். அதுல எழுதியிருக்கிற தொகைதான் திரும்ப வரும். இப்ப புதுசா கனெக்‌ஷன் எடுக்கிறவங்க ஒரு சிலிண்டருக்கு 2,200 ரூபாய் கட்டுறாங்க, 2022 ஜூன் வரைக்கும் 1,450. அதைப் பாத்து ஆசைப்படாதீயும், தாத்தா எதைக் கட்டினாரோ அதுதான். ரெகுலேட்டரும் கிடந்தா சேர்த்துக் கொண்டு போகணும், அதுக்கும் டெபாசிட் உண்டு. தாத்தா இல்லாததால இறப்புச் சான்றிதழும் வாரிசுன்னு எழுதிக் கொடுக்கிறதும் கேப்பாங்க. அலைச்சல்தான், ஆனா நடக்கும்.

இன்னொண்ணு. மேல உள்ள வளையத்தைத் தாங்கி மூணு பட்டை நிக்கும். உள்பக்கமாட்டு பாத்தா ஒரு எழுத்தும் ரெண்டு எண்ணும் போட்டிருக்கும். ஏ எழுத்துன்னா ஜனவரி முதல் மார்ச், பீ எழுத்துன்னா ஏப்ரல் முதல் ஜூன், சீ அடுத்த மூணு மாசம், டீ கடைசி மூணு மாசம். எண் வருஷம். அதுக்குள்ள அந்தச் சிலிண்டரை மறுபடி சோதிச்சிருக்கணும்னு அர்த்தம். உமக்குள்ளதுல என்ன எழுதியிருக்குன்னு சும்மா பாத்துச் சொல்லும்.

மேற்குவிளை

பாத்தேன் சார். பீ 09.

குடோன் கணக்கு

2009 ஜூனோட அதுக்குக் கெடு முடிஞ்சாச்சு. இத்தனை வருஷம் விறகுக்கு அடியில. ஸ்கூட்டர்ல மல்லாத்திப் போட்டு கொண்டு போவாதீயும். நேரா நிக்கணும், வால்வுக்கு மேல வெள்ளை மூடி நூலோட இருந்தா அதைப் போட்டு அமர்த்தி வையும். வாசம் அடிச்சா தொடாம 1906க்கு போன் போடும், 24 மணி நேரமும் எடுப்பாங்க.

ஹூஸ்டன் மரச்சீனி

தக்கலைக்காரன், இப்ப டெக்சாஸ்ல. வீடியோவைப் பாத்து நம்மாளு குழம்புற இடம் இதுதான். இங்க 20 பவுண்டு ப்ரொப்பேன் டேங்கை நாமளே விலை கொடுத்து வாங்குதோம். வாங்கினா அது நமக்கு உள்ளது, வெட்டலாம், மேளம் செய்யலாம், கிறிஸ்மஸ் குடில்ல வைக்கலாம். நம்ம ஊர் சிலிண்டர் அப்படி இல்ல. வீடியோவுல அந்த வித்தியாசத்தை எவனும் சொல்ல மாட்டான், அவனுக்கு நம்ம ஊர் முறை தெரியாது.

அந்த மேளத்துக்கு ஒரு கதை உண்டு. 2007ல மிச்சிகன்ல டென்னிஸ் ஹாவ்லெனான்னு ஒருத்தர் 20 பவுண்டு டேங்கோட அடிப்பக்கத்துல நாக்கு நாக்காட்டு வெட்டித் தட்டிப் பாத்தார். ஒவ்வொரு நாக்கும் ஒரு சுரம். சுவிட்சர்லாந்துல ஹாங்னு ஒரு வாத்தியம் ஆயிரக்கணக்கான டாலருக்கு வித்துக்கிட்டு இருந்த காலம். அதை நினைச்சு இதுக்கு ஹாங்க் டிரம்னு பேர் வச்சார். நாக்கை நீளமா வெட்டினா சுரம் இறங்கும். வெட்டு கூடிப்போச்சுன்னா ஏத்துறது கஷ்டம், அதனால குறைச்சு வெட்டிட்டு கொஞ்சம் கொஞ்சமா நீட்டணும். நான் ஒண்ணு செய்தேன், கேஸ் ஒரு தடவைகூட ஏறாத புது டேங்க் வாங்கி. ஆமா, புதுசு. கேஸ் நிறைஞ்ச டேங்கைச் சுத்தம் பண்ணுற பயத்தைவிட 40 டாலர் குறைவுன்னு தோணிச்சு.

பழைய டேங்க்? காலர்ல தேதி அடிச்சிருப்பான், 12 வருஷம் கழிஞ்சா மறுசோதனை இல்லாம நிறைக்க மாட்டான். அதைக் கொண்டு போய் பெட்ரோல் பங்க் வாசல்ல எக்ஸ்சேஞ்ச் கூண்டுல வச்சுட்டு நிறைஞ்ச டேங்க் ஒண்ணு எடுத்துட்டு வந்தேன். பழைய ப்ரொப்பேன் டேங்குக்கு எனக்குத் தெரிஞ்ச மிகச் சிறந்த புது உபயோகம் அதாக்கும்.

சும்மாஇரி

புது டேங்க் வாங்கி பழைய டேங்க் கலை செய்த ஒரே மனுசன் நீருதான் மக்கா.

கூலிங்கிளாஸ்

நாகர்கோவில்ல ஏசி மெக்கானிக். மேற்குவிளை அண்ணே, சிவப்பை விடுங்க, அது தீர்ந்தாச்சு. எனக்குப் பயம் அந்தப் பெயிண்ட் இல்லாத டப்பாலதான்.

டப்பா நிறத்தைப் பாத்து உள்ள எந்த வகை ஏசி கேஸ்னு சொல்லுவாங்க. பச்சைன்னா ஆர்22, நீலம்னா 134ஏ, ரோஸ்னா 410ஏ. பழைய கணக்கு இது, அதையும் முழுசா நம்பப்படாது. இப்ப புதுசா வர்ற டப்பாக்களை ஒரே சாம்பல் பச்சை நிறத்துக்குக் கொண்டு வந்துட்டு, எரியுற வகைக்கு மேல சிவப்புப் பட்டை போடுதாங்க. லேபிள்தான் கணக்கு. லேபிள் இல்லையா, எரியுற கேஸ்னே வச்சுக்கணும். ஏன் சொல்லுதேன்னா இப்ப வீட்டு ஃப்ரிட்ஜ்ல எல்லாம் 600ஏ வந்தாச்சு. அது ஐசோபியூட்டேன், சமையல் கேஸுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. ஆர்290ன்னு இன்னொண்ணு உண்டு, அது சாட்சாத் ப்ரொப்பேனேதான். நீங்க ப்ரொப்பேன் டேங்க்னு தேடினீங்கல்லா, ஒருவேளை கையில இருக்கிறதே அதுவா இருக்கலாம்.

மூணு டப்பாவையும் எடை போடுங்க. இந்த வகை காலி டப்பா 3 கிலோ சுத்தி நிக்கும். அதைவிடக் கூடினா உள்ள ஆள் இருக்கு.

ரெண்டாவது, மாமா 'காலி'ன்னு விட்டாலும் உள்ள கொஞ்சம் கேஸ் இருக்கத்தான் செய்யும். வால்வைத் திறந்து சூன்னு விட்டுறாதீங்க. ஆர்22 ஓசோனை அரிக்கிற வகை, 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி உலகம் பூரா நிறுத்திட்டு வாறாங்க, நம்ம நாட்டுக்கு 2030 கெடு. என்கிட்ட கேஸை உறிஞ்சி எடுக்கிற ரெக்கவரி மெஷின் இருக்கு, பத்து நிமிஷ வேலை. கேஸ் மிச்சம் இருக்கிற டப்பால கேஸ் கட்டிங் தீயைக் காட்டினா வேற ஆபத்து. ஆர்22 எரியாது, ஆனா தீயில பட்டா விஷப் புகையாட்டு மாறும். மூக்குல ஒரு தடவை ஏறினவன் மறக்க மாட்டான். நான் மறக்கல.

டிங்கரிங் பய

ஏன் அண்ணே இவ்வளவு சுத்துறீங்க? பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசரையும் ஆர்22 டப்பாவையும் சேர்த்தா அருமையான ஏர் கம்ப்ரசர். பைக் டயருக்குக் காத்து, ஸ்ப்ரே பெயிண்ட், எல்லாம் நடக்கும். ரெண்டு வருஷமா என் ஷெட்டுல ஓடுது.

கூலிங்கிளாஸ்

தம்பி, டப்பாவோட தோள்ல டாட் 39ன்னு அடிச்சிருக்கும், பாரு. ஒரு தடவை நிறைக்க மட்டும் செய்த டப்பான்னு அதுக்கு அர்த்தம். அமெரிக்காவுல அதைத் திரும்ப நிறைச்சு அனுப்பினாலே குற்றம். கம்பெனிக்காரன் வால்வுக்குள்ள திரும்பிப் போகாத மாதிரி அடைப்பு வச்சிருக்கது சும்மா இல்ல. நீ அதைக் கழட்டிட்டுத்தானே காத்து ஏத்துறே?

டிங்கரிங் பய

260 பி.எஸ்.ஐ. அழுத்தம் தாங்கும்னு அதுலயே எழுதியிருக்கு. நான் 80க்கு மேல போறதில்ல.

கூலிங்கிளாஸ்

எழுதினது டப்பா புதுசா, உள்ள ஈரம் இல்லாம இருந்தப்ப. கேஸ் இருக்கிற வரைக்கும் உள்சுவர்ல ஒரு பொட்டுத் துரு பிடிக்காது. நீ ஏத்துறது நம்ம ஊர் காத்து. ஆடி மாசம் ஈரத்துணி உலராத ஊர்ல்லா இது. அந்த ஈரம் எல்லாம் அடியில வெள்ளமாட்டு நிக்கும். காத்து டேங்குக்குக் கீழ ஒரு வடிகால் குழாய் இருக்கும், டப்பால அது இல்ல. சுவர் கனம் 1 மில்லி பக்கம்தான். எங்க அரிக்குன்னு வெளிய இருந்து தெரியாது.

டிங்கரிங் பய

ரெண்டு வருஷம் ஒண்ணும் ஆகல.

தீப்பொறி

ரெண்டு வருஷம் ஒண்ணும் ஆகலங்கிறது சாட்சி இல்ல மக்கா, அது தவணை.

நான் வெல்டர், அழகியமண்டபம் பக்கம் 31 வருஷம். காத்து டேங்க் வேணும்னா பழைய லாரி பிரேக் ஏர் டேங்க் வாங்கு. லாரி உடைக்கிற இடத்துல கிடைக்கும். கனத்த தகடு, கீழ வடிகால், காத்துக்குன்னே செய்தது. கேஸ் வாசமே அறியாதது. அடுப்புக்கும் அதுதான் நல்லது. இந்த இழையைப் படிக்கிற ஆளுக்கு நான் சொல்ல வந்ததே அவ்வளவுதான், ஆனா வெட்டுறதைப் பத்தி யாரும் சரியாச் சொல்லல, அதனால எழுதுதேன்.

நிறைஞ்ச சிலிண்டரைவிட காலி சிலிண்டர் மோசம். இதைச் சொன்னா சிரிப்பானுவ. உள்ள முழுக்க கேஸ் மட்டும் இருந்தா அங்க தீ பிடிக்காது, காத்து வேணும்லா. சமையல் கேஸ் காத்துல 100க்கு 2 பங்கு சேர்ந்தாலே பத்தும், 9 பங்கைத் தாண்டினா பத்தாது. நீ வால்வைத் திறந்து "எல்லாம் போச்சு"ன்னு ரெண்டு நாள் வெயில்ல வைக்கிறே. அப்பதான் காத்து உள்ள ஏறி, கலவை சரியான அளவுக்கு வரும். அந்த நேரம் பாத்து கிரைண்டரை வைக்கிறே. வீட்டுச் சிலிண்டர் கொள்ளளவு 33 லிட்டர். அவ்வளவு கேஸ் வெளிய கலந்தா 1,500 லிட்டருக்கு மேல பத்துற காத்து ஆகும். ஒரு சின்ன குளிமுறி. அதுவும் கேஸ் காத்தைவிடக் கனம், தரையோட படிஞ்சு கிடக்கும், மேல ஜன்னல் திறந்து வச்சு பிரயோஜனம் இல்ல.

எனக்க கண்ணு முன்னாடி நடந்தது ஒண்ணு சொல்லுதேன். சிலிண்டர் இல்ல, பேரல். ஒருத்தன் பழைய தின்னர் பேரலை ரெண்டாப் பிளந்து மாட்டுக்குத் தண்ணித் தொட்டி செய்யணும்னு வந்தான். கழுவியாச்சான்னு கேட்டேன், ஆறு மாசமா மூடி இல்லாம வெளிய கிடக்குன்னான். நான் சாயா குடிக்கப் போன நேரம் எனக்க பையன் கிரைண்டர் வச்சான். மூடி பக்கம் ஆள் இல்லாததால தப்பிச்சோம். அடிப்பாகம் பிதுங்கி உருண்டையா ஆச்சு. இப்பவும் பட்டறை வாசல்ல கிடக்கு, புதுசா வேலைக்கு வர்ற பையன்களுக்கு முதல்ல அதைக் காட்டுவேன்.

வெட்டித்தான் ஆகணும்னா வெள்ளம், அதாவது தண்ணி. ஏசி டப்பான்னா மெக்கானிக்கிட்ட கேஸை உறிஞ்சி எடுத்தாச்சுன்னு உறுதி பண்ணிட்டு, கை டிரில்லால ஓட்டை போட்டு, அதுவழியா வெள்ளம் நிறைக்கணும். கழுத்து வரைக்கும் இல்ல, வழியணும். மேல காத்துக்குமிழி ஒண்ணு நின்னாலும் அதுதான் குண்டு. ஒரு நாள் வச்சு கொட்டிட்டு, சோப்புத் தூள் போட்டு மறுபடி நிறைச்சு, குலுக்கி, கொட்டி, மறுபடி வெள்ளம். சமையல் கேஸ் இருந்த டேங்க்னா வாசத்துக்குப் போடுற மருந்து உள்சுவர்ல எண்ணெயாட்டு ஒட்டியிருக்கும், வெறும் வெள்ளத்துக்குப் போகாது. வெட்டும்போதும் வெட்டுற கோட்டுக்கு ஒரு விரல்கிட்ட கீழ வரைக்கும் வெள்ளம் நிக்கணும், அதுவும் முதல் வெட்டு கையால ஹேக்சா பிளேடால. வெள்ளத்தோட கரண்டு கிரைண்டர் பிடிச்சா அது வேற சாவு. தீயில வைக்கப்போற சாதனமானா பெயிண்டை முதல்ல சுரண்டு. புகையை நீதான் மூச்சு இழுக்கப்போறே.

வெளிநாட்டு டேங்க் வால்வு கழட்டுற ஆளுக்கு ஒரு விஷயம். பழைய மாதிரி ரெகுலேட்டர் மாட்டுற உள்மரை இடப்பக்கம் திரும்பும். வால்வு டேங்குல ஏறியிருக்கிற மரை சாதாரண வலப்பக்க மரை. ரெண்டையும் குழப்பி, கழட்டுறதா நினைச்சு இறுக்கினவன் உண்டு.

ஹூஸ்டன் மரச்சீனி

அந்த இறுக்கினவன் நான்தான் அண்ணாச்சி. அதுக்கப்புறந்தான் புது டேங்க் வாங்கினேன்.

ரப்பர்விளை

குலசேகரம். எனக்கு ஒரு சந்தேகம். எங்க புகைப்புரையில ரப்பர் ஷீட் காயப்போடுறதுக்கு தீ உள்ளயே போடுவோம், குழி வெட்டி. போன மழையில ஒரு ஷீட் நழுவி தீயில விழுந்து புரையே போயிருக்க வேண்டியது, பக்கத்து விளைக்காரர் பாத்ததால மிச்சம். சிலிண்டர் மாதிரி ஒண்ணை வெளிய வச்சு, அதுல தீ போட்டு, பைப் வழியா புகையை மட்டும் உள்ள விட்டா?

தீப்பொறி

நல்லது. ஆனா ஏசி டப்பா பத்தாது, ஒரு மாசத்துல எரிஞ்சு ஓட்டை விழும். லாரி ஏர் டேங்க் ரெண்டைச் சேர்த்தா சரியாட்டு இருக்கும். ஒரு பக்கம் கதவு, அடியில சாம்பல் தட்டு, எதிர் பக்கம் 6 இஞ்சு பைப். பைப்பை நேரா உள்ள விடாதே. மண்ணுக்கு அடியில ஒரு பாகம் ஓட்டி, முனையில சல்லடைத் தகடு வை. பொறி அங்கயே விழும். ஷீட்டுக்கு 40லிருந்து 60 டிகிரி சூடு போதும்லா, அதுக்கு மேல போனா குமிழ் வரும்னு நீயே சொல்லுவ.

ரப்பர்விளை

ஆமா அண்ணே, நாலு நாள் அந்தச் சூட்டுல நிக்கணும். குமிழ் வந்தா கிரேடு இறக்கிருவான். டேங்க் கிடைச்சா பட்டறைக்கு வாறேன்.

குளச்சல்காரி

எல்லாரும் தீயிலயே நிக்கீங்க. எங்க வீட்டுல உள்ளவரு காலி சிலிண்டரை வலைக்கு மிதவையா கட்டலாமான்னு ஒரு நாள் கேட்டாரு. நான் கணக்குப் போட்டுக் காட்டினேன். சிலிண்டர் 33 லிட்டர், இரும்பு எடையே 15 கிலோவுக்கு மேல. அது தன்னைத் தானே சுமந்தது போக மிச்சம் 20 கிலோதான் தூக்கும். அதே அளவு பிளாஸ்டிக் கன்னாஸ் 2 கிலோகூட வராது, 30 கிலோவுக்கு மேல தூக்கும். துரு பிடிக்காது. ராத்திரி வள்ளத்துல முட்டினா கன்னாஸ் நசுங்கும். இரும்பு முட்டினா ஃபைபர் வள்ளந்தான் நசுங்கும். இதுக்கு மேல என்ன சொல்ல.

சும்மாஇரி

அக்கா ஒரே பதிவுல கடலை முடிச்சுட்டாங்க. இனி ஆகாயம் மட்டும் பாக்கி.

கருங்கல் கரி

மேற்குவிளை தம்பி, உங்க ஏசி டப்பாவுக்கு நான் ஒரு வேலை வச்சிருக்கேன். கேஸ் எடுத்து, தீப்பொறி அண்ணன் சொன்ன மாதிரி கழுவினப்புறம். சிரட்டைக்கரி.

வீட்டுல சிரட்டை எவ்வளவு வீணாப் போகுதுன்னு பாருங்க. திறந்த குழியில போட்டு எரிச்சா பாதி சாம்பல். டப்பாவுக்குள்ள அடைச்சு வெளிய தீ போட்டா சிரட்டை எரியாது, வேகும். டப்பா தலையை மட்டும் வட்டமா வெட்டி மூடியாக்கி, கம்பியால முறுக்கிக் கட்டணும். மூடியில பென்சில் கனத்துக்கு ஒரு ஓட்டை. இந்த ஓட்டையை எந்தக் காரணத்துக்கும் அடைக்கக் கூடாது, அடைச்சா மறுபடி அது சிலிண்டர் ஆயிரும். மூணு கல்லு வச்சு டப்பாவை ஏத்தி, சுத்தி கொதும்பு, மடல், தொண்டு எல்லாம் போட்டு தீ.

முதல்ல ஓட்டை வழியா வெள்ளைப் புகை வரும், அது ஈரம். அரை மணி நேரம் கழிச்சு மஞ்சளாட்டு, கண்ணைக் கரிக்கும். அப்ப ஒரு கொள்ளியைக் காட்டினா ஓட்டை வாய்ல நீலமும் மஞ்சளுமா ஒரு நாக்கு பிடிச்சு நிக்கும், பிரஷர் ஸ்டவ் மாதிரி இரையும். சிரட்டைக்குள்ள இருந்த கேஸ் அது. தன் தீயில தானே வேகும், நீங்க விறகு போடுறதைக் குறைக்கலாம். அந்த நாக்கு தானா சுருங்கி அணைஞ்சா கரி ஆயாச்சு. அப்பதான் ஓட்டையில மண்ணு குழைச்சு அப்பணும், காத்து ஏறப்படாது. மறுநாள் காலையில திறக்கணும். பொறுமை இல்லாம ராத்திரி திறந்து பாத்தா கண்ணு முன்னாடி முழுக் கரியும் பத்திக்கிடும். நான் ரெண்டு தடவை திறந்து பாத்த ஆள்.

10 கிலோ சிரட்டைக்கு 3 கிலோ பக்கம் கரி. ஒரு டப்பா பத்துப் பன்னிரண்டு தடவை தாங்கும், அப்புறம் அடி காகிதம் மாதிரி ஆயிரும், அந்த நேரம் ஆக்கர் கடைக்குக் கொடுங்க. கரி கனலா இருக்கிறப்ப வீட்டுக்குள்ள கொண்டு போய் வைக்கக் கூடாது, புகை தெரியாம ஆளை எடுத்துரும்.

மேற்குவிளை

அண்ணே, இது மனசுக்குப் பிடிச்சுது. நாளைக்கே எடை போடுதேன்.

சும்மாஇரி

பூந்தொட்டி?

மேற்குவிளை
23 நாள் கழித்து

எல்லாருக்கும் சொல்லணும்னு வந்தேன்.

எஸ்.வி. பேப்பர் தாத்தாவுக்க இரும்புப் பெட்டியில, கல்யாண அழைப்பிதழ் கட்டுக்குள்ள இருந்துச்சு. ஏஜென்சிக்கு மூணு தடவை நடந்தேன். முதல் தடவை வாரிசுக் கடிதம் சரியில்லன்னாங்க, ரெண்டாவது தடவை சிஸ்டம் இல்ல, மூணாவது தடவை முடிஞ்சுது. கிடைச்ச பணத்துக்கு ஒரு கிலோ நெய்மீன் வாங்கினோம், கொஞ்சம் மேல போட வேண்டி வந்துச்சு. குடோன் சாருக்கு நன்றி.

டப்பா மூணையும் கடையில தராசுல வச்சேன். பச்சை 2 கிலோ 900. நீலம் 3 கிலோ. பெயிண்ட் இல்லாதது 4 கிலோ 300. தராசுக்காரர் பேசாம அதை எடுத்துத் தரையில வச்சுட்டு ரெண்டடி தள்ளி நின்னார். காதுகிட்ட வச்சு ஆட்டினா உள்ள வெள்ளம் மாதிரி சளப்புன்னு ஒரு சத்தம்.

கூலிங்கிளாஸ் தம்பிக்கு போன் போட்டேன். ஞாயித்துக்கிழமை பைக்ல வந்தான். விளைக்கு நடுவுல கொண்டு வச்சு, அழுத்தம் காட்டுற கேஜ் மாட்டி, கொஞ்ச நேரம் நிழல்ல விட்டுட்டு முள்ளைப் பாத்தான். அவனே எழுதட்டும்.

கூலிங்கிளாஸ்

அன்னைக்கு நிழல்ல 30 டிகிரி. அந்தச் சூட்டுல ஆர்22 ஆனா முள் 158 பி.எஸ்.ஐ. பக்கம் நிக்கணும். 134ஏன்னா 97. ஆர்290ன்னா 140க்கு மேல. முள் 44ல நின்னுச்சு. 600ஏ.

அண்ணன் முதல்ல கை வைக்கணும்னு இருந்த டப்பா அது. ஒண்ணும் சொல்லல, கழட்டி எடுத்துட்டு வந்துட்டேன். ஒண்ணே கால் கிலோவுக்கு மேல உள்ள இருந்துச்சு.

தீப்பொறி

கிரைண்டரை எனக்கு வித்துரும் தம்பி.

மேற்குவிளை

வித்தா பச்சையை எப்படி அண்ணே வெட்ட? அதை நீங்க சொன்ன மாதிரி மூணு தடவை வெள்ளம் நிறைச்சு, ஹேக்சாவால வெட்டினேன், ரெண்டு மணி நேரம் ஆச்சு, உள்ளங்கையில கொப்புளம். ஓட்டையில தீ நாக்கு வந்தப்ப பக்கத்து வீட்டு அம்மச்சி ஓடி வந்து "எடே, சிலிண்டர் கத்துதுடே"ன்னு ஒரே சத்தம். உக்கார வச்சு விளக்கினேன், நம்பல. காலையில கரியை எடுத்துக் காட்டினப்பதான் தொட்டுப் பாத்து, உடைச்சுப் பாத்து, மணி மாதிரி சத்தம் கேக்குதேன்னாங்க. 2 கிலோ 100 கிராம் கிடைச்சுது. ஜங்ஷன்ல தேய்ப்புக்கடைக்காரர் எடுத்துக்கிட்டார், அடுத்த வாரமும் வேணுமாம். சிரட்டைதான் பத்தல.

நீலம் இன்னும் அப்படியே கிடக்கு. கேஸ் எடுத்தாச்சு. மூணாவது யோசனை யாருக்காவது இருக்கா?

குளச்சல்காரி

எங்க வீட்டுல தேங்காய் தினமும் ரெண்டு உடைக்குது. சிரட்டை வேணும்னா சாக்கு கொண்டு வாங்க தம்பி. திரும்பிப் போகும்போது மீன் வாங்கிட்டுப் போகலாம்.

சும்மாஇரி

நீலத்துக்கு நான் முதல் நாளே சொன்னேன்.